மஞ்சள் பூசிய மாமரம்

மருதாயி தன் புருசனிடம் முதல் அடி வாங்கியது ஒரு மரத்துண்டுக்காக. கல்யாணமான புதிது. அழகேசன் அரியலூர் பக்கம் தவில் கட்டை கடைபவன். தோல் மாட்டுவதற்கு முன் இருக்கிற மரக்கூட்டைத்தான் கட்டை என்பார்கள். அவன் வெட்டி வைத்திருந்த பலாத்துண்டை மருதாயி சுண்டிப் பார்த்தாள். அவள் அப்பனும் அதே தொழில்.

"இதுல வைரம் பாயலீங்க. வெறும் வெள்ளை மரம். சத்தம் எந்திரிக்காது."

அந்தத் துண்டாலேயே வாயில் அடித்தான். முன்பல் விழுந்தது.

அதற்குப் பிறகும் கட்டையின் உள்ளே குடைகிற வேலை அவளுடையதுதான். அடிபட்ட கையோடும் குடைந்தாள்.

எழுபதுகளின் கடைசியில் சிமெண்ட் ஆலை வேலைக்கு வந்தவர்கள் ரெட்டிபாளையம் பக்கம் வீடு கட்டினார்கள். பலாமரமெல்லாம் கதவாகவும் நிலையாகவும் போனது. அழகேசன் மாமரத்தை வாங்கி வந்து, மஞ்சள் கரைத்துப் பூசி, மேலே வார்னிஷ் அடித்தான். பார்வைக்குப் பலா மாதிரியே இருந்தது. ஆனால் வைரம் பாய்ந்த பலா, தோலை இறுக்கிக் கட்டும் வாரின் இழுப்பைத் தாங்கி, கணீரென்று பேசும். மாமரம் அடிக்கிற அடியைத் தானே குடித்துவிடும். இறுக்கினால் பிளக்கும்.

தவில்காரர் வைத்திலிங்கம் கட்டை வாங்க வந்தார். அவளைப் பார்த்து, "ஏம்மா தங்கச்சி, பலாதானே இது?" என்று கேட்டார். பின்னால் அழகேசன் கோடாரியோடு நின்றான். மருதாயி ஆமென்று தலையாட்டினாள்.

கோயில் திருவிழாவில் சத்தம் பொத்துப் பொத்தென்று விழுந்தது. வைத்திலிங்கம் வாரை இன்னும் இழுத்துக் கட்டினார். கட்டை வாய் பிளந்தது. தெறித்த மரச்சிம்பு அவர் இடது கண்ணில் ஏறியது.

மறுநாள் அவருடைய தம்பிகள் வந்தார்கள். அழகேசனைத் தெருவில் இழுத்துப் போட்டு, பிளந்த கட்டையாலேயே அடித்தார்கள். மண்டை உடைந்து, முகமெல்லாம் ரத்தமாக உள்ளே வந்தவன் கதவைச் சாத்தினான்.

"மாமரம்னு நீதாண்டி காட்டிக் குடுத்த."

"நான் வாயே தெறக்கலீங்க. தெறந்திருந்தா அந்த மனுசன் கண்ணு தப்பியிருக்கும்."

அவளது முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். பிறகு கோடாரியை எடுக்கக் குனிந்தான். மருதாயியின் கைக்கு மரம் செதுக்கும் வாச்சி அகப்பட்டது. ஓங்கி இறக்கினாள். கோடாரிக் காம்பின் மேல் அவன் விரல்கள் மூன்று கிடந்தன.

அவன் அலறியதில் ஊரே கூடிவிட்டது. அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டு போனார்கள். விசாரிக்க வந்த போலீசிடம், "வேலை செய்யறப்ப வாச்சி நழுவிடுச்சு சார்" என்றான் அழகேசன். பொண்டாட்டி வெட்டினாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் அந்த வீட்டுப் படி ஏறவேயில்லை. ஆலத்தியூரில் இருந்த அக்காள் வீட்டோடு போய்விட்டான்.

மருதாயி பழைய வீடு இடித்த இடமெல்லாம் அலைந்து ஒரு பலா உத்தரம் பிடித்தாள். அதில் ஒரு கட்டை கடைந்து, தலையில் சுமந்துகொண்டு வைத்திலிங்கம் வீட்டுக்குப் போனாள். தம்பிகள் பாய்ந்து வந்தார்கள். அவர் அவர்களைத் தடுத்தார்.

"அன்னைக்குத் தலையாட்டுனேன் அண்ணே. உசுருக்குப் பயந்துதான்."

வைத்திலிங்கம் கட்டையை மடியில் வைத்து விரலால் சுண்டினார். சத்தம் கணீரென்று எழுந்து கொஞ்ச நேரம் அடங்காமல் நின்றது. மறுபடியும் சுண்டினார்.

"வெச்சுட்டுப் போம்மா" என்றார்.