தலையில் வைத்த மருந்து

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு நான் முதலில் பார்த்தது, அப்பாவின் வெள்ளைத் துண்டின் மேல் எள் சிந்தியது போல உதிர்ந்து கிடந்த பேன்களை. ஒன்றுகூட அசையவில்லை. எதிர்த்த டீக்கடை ரேடியோவில் டில்லிச் செய்தி தொடங்கியிருந்ததால் நேரம் நினைவில் நிற்கிறது. ஏழு வயதுத் தங்கை ராணி குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தலையிலிருந்து எண்ணெயோடு மண்ணெண்ணெய் போன்ற காட்டமான நெடி ஒன்று வந்தது. அம்மா துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாரு, ஒண்ணு தப்பிக்கல" என்றாள். அவள் குரலில் வெற்றி இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாரண்டஹள்ளிக்கு நாலு மைல் தள்ளி எங்கள் ஊர். அப்பா அரை ஏக்கரில் கத்திரி வைத்திருந்தார்; காய்ப்புழுவுக்கு "எண்ட்ரின்" அடிப்பார். அது விஷம் என்று தெரியாதவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. மருந்து கலக்கிய சட்டியில் வாய் வைத்த கன்றுக்குட்டி, பொழுது சாய்வதற்குள் கால்களை உதைத்துக்கொண்டு செத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். அதன் பிறகு அம்மா அந்தத் தகர டப்பாவைச் சாக்கில் சுற்றி, பரணின் கோடியில், எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டி வைத்தாள். மருந்து கலக்கிய சட்டியைத் தோட்டத்திலேயே கவிழ்த்துவிடச் சொன்னாள். அப்பா மருந்தடித்து வந்தால் வாய் கொப்பளிக்காமல் சோற்றில் கை வைக்க விடமாட்டாள். இந்த விஷயத்தில் அவளைவிடக் கண்டிப்பானவரை நான் பிற்காலத்திலும் பார்த்ததில்லை. ஆனால் அவள் காவல் காத்ததெல்லாம் ஒரே வாசலை. "வாயில போனாத்தான் விஷம்" என்பது அவள் மட்டும் சொன்னதல்ல, ஊரே சொன்னது.

பேன் அதிகமாகிவிட்டதென்று பள்ளிக்கூடத்து டீச்சர் ராணியை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சொறிந்து சொறிந்து அவள் மண்டையில் புண். சீப்பு, வேப்பெண்ணெய், சீதாப்பழ விதை எல்லாம் பார்த்தாயிற்று. ஞாயிறு காலை அப்பா தோட்டத்துக்குப் போன பிறகு அம்மா டப்பாவை இறக்கி, அதன் மூடியில் பாதி அளவு ஊற்றி, ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயில் கலந்தாள். நான் தயங்கியதைக் கண்டு, "குடிக்கவா போறா? தலையிலதான வெக்கறேன்" என்றாள். தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் தலையை இறுக்கிக் கட்டினாள்.

கிண்ணத்தில் பாதி மிச்சமிருந்தது. ஊர்க்கோடியில் இருந்த மாதம்மாக்காவின் மகள் பச்சிக்கும் பேன் தொல்லை. எனக்குப் பத்து வயது. கிண்ணத்தின் மேல் பூவரச இலையை மூடி எடுத்துக்கொண்டு போனேன். மாதம்மாக்கா மிளகாய் பறிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"உங்க வூட்டுப் பேனு பட்டணத்துப் பேனு, பொசுக்குனு செத்துரும். எங்க வூட்டுது எருமத் தோலுடி."

"துண்டு நெறைய செத்துக் கெடக்குதுக்கா. அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"அப்ப வெச்சுற வேண்டியதுதான்" என்று சிரித்து வாங்கிக்கொண்டாள். பச்சிக்கு அப்போது ஆறு வயது. எண்ணெய் என்றதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

எட்டரை மணி வாக்கில் ராணி தலை வலிக்கிறது என்றாள். இட்லியைப் பிட்ட கை தானாக வெட்டி இழுத்தது. அவளே அதை வேடிக்கையாகப் பார்த்தாள். ஒன்பது மணிக்கு முன்பே கண்கள் மேலே செருக, முதுகு வில்லாக வளைந்து தரையில் விழுந்தாள். அம்மா அவள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தாள். யாரோ "காத்து பட்டிருக்குது" என்று திருநீறு கொண்டுவந்தார்கள். தலைத்துணியை அவிழ்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆள் போய்ச் சொல்லி அப்பா ஓடிவந்ததும், என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, ராணியை என் மடியில் கிடத்தித் துண்டால் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டினார். வழியில் இரண்டு முறை அவளுக்கு இழுத்தது. அந்த அதிர்வு என் வயிற்றில் இடித்தது. அம்மா பின்னால் ஓடிவந்து, சிறிது தூரத்தில் கண்ணுக்கு மறைந்தாள்.

மாரண்டஹள்ளிக் கடைத்தெரு டாக்டர் துணியை அவிழ்த்து முகர்ந்தார். "என்னய்யா இது?" என்றார். அப்பாவுக்குத் தெரியாது. நான் சொன்னேன். டாக்டர் ஊசி போட, கம்பவுண்டர் கத்தரியால் முடியை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் குடம் குடமாக நீர் ஊற்றினார். "தோலு வழியாவும் உள்ள போவும்யா. புண்ணுத் தலையில கேக்கணுமா?" என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். பிறகு கேட்டார்: "இத வேற யாருக்காவது வெச்சீங்களா?"

"இல்லைங்க" என்றார் அப்பா.

நான் பேசவில்லை. அம்மா செய்ததில் பாதியை நான்தான் சொல்லியிருந்தேன். மீதியையும் சொன்னால் அப்பா அவளை என்ன செய்வார் என்று பயமாக இருந்தது. மாதம்மாக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாளே, சாயங்காலம்தான் வைப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவரில் கடிகாரம் இருந்தது. அன்றைய நாளில் மற்ற எல்லாவற்றுக்கும் என்னால் மணி சொல்ல முடியும். எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதற்கு மட்டும் முடியாது, ஏனென்றால் நான் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ராணிக்கு மறுபடியும் இழுத்தபோதுதான், "பச்சிக்கும் குடுத்தோம்ப்பா" என்றேன். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. சைக்கிளை எடுத்தார்.

அம்மா வந்து சேர்ந்ததும் ராணியின் காலடியில் உட்கார்ந்தாள். பிற்பகல் இரண்டு மணிக்கு ராணி தண்ணீர் கேட்டாள். அப்பா திரும்பியது நாலு மணிக்கு. அம்மா எழுந்து நின்றாள்.

"காலையிலயே வெச்சிருக்குது. புள்ள கெணத்துப் பக்கம் போயிரும்னு வெளிய நாதாங்கி போட்டுட்டு வேலைக்குப் போயிருக்குது" என்றார். பிறகு, "நான் தொறக்கறப்பவே ஒண்ணுமில்ல" என்றார்.

பச்சியை அன்று மாலையே புதைத்தார்கள். மறுநாள் அம்மா போய் மாதம்மாக்காவின் முன்னால் விழுந்தாள். "நீ உம் புள்ளைக்குந்தான வெச்ச" என்றாள் மாதம்மாக்கா. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கத்திரித் தோட்டம் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. எண்ட்ரின் தடை செய்யப்பட்டு நெடுங்காலமாகிவிட்டது. கடையில் அந்தப் பெயரைச் சொன்னேன், கல்லாவில் இருந்த இளைஞருக்குத் தெரியவில்லை. பேனுக்கு ஷாம்பூ வந்துவிட்டது. ராணி ஓசூரில் இருக்கிறாள், அவளுக்கு இரண்டு பேத்திகள்.

மாதம்மாக்காவுக்கு அதன் பிறகு குழந்தை பிறக்கவில்லை.