மரத்தூளுக்குள் கிடந்த தீனி

பேராதனை ஆய்வுகூடமொன்றில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஜெயராணி வந்து பதினோரு வருடம். காலையில் கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வந்ததும் கூண்டுகளில் மரத்தூள் மாற்றுவாள், தண்ணீர் வைப்பாள், ஒவ்வோர் எலியாக நிறுப்பாள்.

அந்த வருடம் சுகிர்தா என்ற யாழ்ப்பாணத்துப் பெண் அங்கே ஓர் ஆய்வு தொடங்கியிருந்தாள். எல்லா எலிகளுக்கும் கொழுப்புத் தீனி. பாதிக்கு மட்டும் கறிவேப்பிலையிலிருந்து பிரித்த ஒரு பொருள் அதில் கலந்திருக்கும். அது உடல் பெருப்பதைத் தடுத்தால், பருமனால் வரும் புற்றுநோய்களையும் தடுக்குமா என்று பிறகு பார்ப்பதாகத் திட்டம்.

ஜெயராணிக்கு அது வெறும் வேலையாக இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய அக்கா பெற்றீசியாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் கண்டு ஒப்பரேஷன் செய்திருந்தார்கள். எடையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டொக்டர். அந்தப் பொருள் கலந்த தீனி போகும் மருந்துக் கூண்டுகளில் எடை ஏறாததைக் காணக் காண ஜெயராணிக்கு மனம் குளிர்ந்தது.

எட்டாம் வாரம் மரத்தூளைக் கொட்டும்போது அவள் கை நின்றது. மருந்துக் கூண்டுகளில் மட்டும் தீனி துகள் துகளாகக் கிடந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மூன்று நாள் அதைச் சலித்தெடுத்து, எடை பார்த்து, பையில் போட்டுக்கொண்டு சுகிர்தாவிடம் போனாள்.

“மிஸ், இதுங்களுக்குத் தீனி கசக்குது போல. பாதிய திங்காம கொட்டிருதுங்க. அதான் எடை ஏறல போல.”

சுகிர்தா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். “அக்கா, அடுத்த கிழமை முடிவை அனுப்ப இருந்தனான்.”

“அதான் மிஸ், இப்பவே சொல்லிட்டேன்.”

புதிய எலிகளோடு மறுபடி தொடங்கினார்கள். இம்முறை எல்லாவற்றுக்கும் ஒரே தீனி. மருந்தை எண்ணெயில் கலந்து ஜெயராணியே அளந்து வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். மற்றவற்றுக்கு வெறும் எண்ணெய். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் எடையில் வித்தியாசம் முன்பைவிட மிகச் சிறியது. ஆனாலும் இருந்தது.

“குறைவுதான். ஆனா இதை நம்பலாம், அக்கா,” என்றாள் சுகிர்தா, முகமெல்லாம் சிரிப்பாக.

“எங்க அக்காவுக்குக் குடுக்கலாமா மிஸ்?”

“இல்லை அக்கா. மனுசருக்கு என்ன செய்யும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. புற்றுநோய்ப் பக்கம் நாங்கள் இன்னும் போகவேயில்லை.”

மாலை வீட்டில் இதைக் கேட்டதும் பெற்றீசியா சிரித்துவிட்டாள். “அப்ப எலிங்க மொதல்ல மெலியட்டும். நான் நடந்தே கொறச்சுக்கிறேன், நீயும் வா.”

தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, இருவரும் ஆற்றோரப் பாதையில் இறங்கி நடந்தார்கள்.