பாகீரதி திருத்திய ஸ்வரம்

பம்பாய் மாதுங்காவில் வீணை கற்ற பெண்களுக்குக் குறைவில்லை. பியானோ கற்கப் போனவள், தெரிந்தவரை, பாகீரதி ஒருத்திதான். 1948-ல் அவளுக்கு இருபத்தெட்டு வயது. கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் மாஹிமில் ரயில் இறங்கி, மிஸ் டிமெல்லோ வீட்டு மாடிப்படி ஏறுவாள்.

முதல் நாளே மிஸ் கேட்டுவிட்டாள்: "நோட்ஸ் படிக்க வருமா?"

ஐந்து கோட்டில் புள்ளி வைத்த மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பு அவளுக்குத் தெரியாது; ஆனால் பத்து வருஷம் ஸரிகம எழுதிப் பாடியவளுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "வரும்" என்றாள். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற நாலு மாதம் படாத பாடு பட்டாள். புதுப் பாடம் வந்தால், "ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள், மிஸ்" என்பாள். காதில் விழுந்ததை ஸ்வரமாக்கி, ரயிலில் முணுமுணுத்தே நெட்டுருப் போடுவாள். மறு வாரம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, குத்துமதிப்பாகப் பக்கம் புரட்டி வாசிப்பாள். "பாருங்கள், எப்படிப் படிக்கிறாள்!" என்று மிஸ் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது பாகீரதி தலை நிமிரமாட்டாள். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்புறம்தான் அந்த எட்டு வரிப் பாடம் வந்தது. வலக்கை மேலிருந்து இறங்கி ஓடும். இடக்கை கீழிருந்து ஏறி வரும். பாகீரதிக்கு இரண்டும் சேர்ந்து காதில் நின்றால்தானே? வலக்கைப் பாட்டு மட்டும் நின்றது. இடக்கையோ பியானோக் கட்டையை விட்டுவிட்டுத் தன்பாட்டில் தொடையில் தாளம் போடப் போய்விடும்.

அதே பாடம்தான் அம்மிணிக்கும். ஒன்பது வயது, பாலக்காட்டு வீட்டுப் பெண். "நீ இவளுக்குச் சொல்லிக் கொடு" என்று பாகீரதியிடம் ஒப்படைத்துவிட்டு, மீன்காரியோடு பேரம் பேச மிஸ் வாசலுக்குப் போனாள்.

அம்மிணி ஒரு இடத்தில் நிறுத்தினாள். "மாமி, இங்கே ஷார்ப் போட்டிருக்கே. கறுப்புக் கட்டைதானே?"

பாகீரதி பாடிப் பார்த்தாள். அவள் மனசில் அது சுத்தமான சங்கராபரணம். அதற்கு ஒரே 'ம'தான், வெள்ளைக் கட்டை 'ம'; கறுப்பில் இரண்டாவது மத்தியமம் எங்கிருந்து வரும்?

"அச்சுப் பிழைடி. இந்த ராகத்துக்கு அது சேராது. வெள்ளையையே வாசி."

"நெஜமாவா?"

"நான் படிச்சவளா, நீயா?"

மிஸ் திரும்பி வந்து அம்மிணியை வாசிக்கச் சொன்னாள். அம்மிணி வெள்ளைக் கட்டையைத் தொட்டதும் மரஸ்கேல் விரல் முட்டியில் விழுந்தது. "கண் எங்கே இருக்கிறது? மறுபடி!" குழந்தை மறுபடியும் வெள்ளையையே வாசித்தாள். மாமி சொன்னது தப்பாக இருக்காது என்ற நம்பிக்கை. இரண்டாவது அடி. அப்போதுதான் திரும்பிப் பாகீரதியைப் பார்த்தாள்.

பாகீரதி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "அடுத்த வாரம் வரேன், மிஸ்" என்று எழுந்து, கீழே வாசற்கதவு வரைக்கும் வந்துவிட்டாள். மேலே மூன்றாவது அடி கேட்டது. அம்மிணி இன்னும் அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை.

படியேறித் திரும்பினாள்.

"நான்தான் வெள்ளையை வாசிக்கச் சொன்னேன். எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது, மிஸ். ஒரு நாளும் தெரிந்ததில்லை."

மிஸ் ஸ்கேலைக் கீழே வைத்தாள். "நாலு மாதமா எனக்காகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாயா?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். எழுந்து நாற்காலியைக் காட்டி, "அம்மிணி, நீ சொல்லிக் கொடு" என்றாள்.

அம்மிணி சிவந்த விரலைப் புத்தகப் பக்கத்தில் வைத்தாள். "இது எஃப். ஷார்ப்." மாமி என்று சொல்லவில்லை.

பாகீரதி கறுப்புக் கட்டையை அழுத்தினாள். காதுக்கு நாராசமாக இருந்தது.

"இடக்கை எங்கே?" என்றாள் அம்மிணி.

தொடையிலிருந்து கையை எடுத்தாள்.