கூடைக்காரியின் மேட்டு வயல்

அவளை எல்லோரும் கூடைக்காரி என்பார்கள். இளைய மருமகளாக வந்த வருடமே அந்த வீட்டில் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய வயல் கணவனின் அண்ணனான பெரியவருக்குப் போனது. சாணத்தைச் சுமந்துகொண்டு தூரம் நடக்க யாருக்கும் மனம் வராததால், எருவையெல்லாம் தின்று கொழுத்த மண் அது. இவள் கணவன் வாயில்லாப் பூச்சி. கோடியில் இருந்த மேட்டு வயலைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டான். சரளைக்கல்லும் நெருஞ்சி முள்ளும்தான் அங்கே விளைச்சல்.

அவள் ஒரு சட்டம் போட்டாள். மேட்டுக்குப் போகிறவர் யாரும் வெறுங்கையோடு போகக்கூடாது. சாம்பலோ, சாணமோ, சருகோ, ஏதாவது ஒரு கூடை. பின்னாளில் வயலைப் பார்க்க ஆசைப்பட்ட சம்பந்தி தலையிலும் ஒன்று ஏறியது. மனிதர் அதன்பிறகு வயலைப் பற்றி விசாரிப்பதே இல்லை.

நெருஞ்சி குறைந்து குப்பைக்கீரை தலைகாட்டிய வருடம், களை முளைத்ததற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே பிறவி அவள்தான். கீரைக்குப் பிடித்த மண் பயிருக்கும் பிடிக்கும் என்பது அவள் கணக்கு. பிறகு மண்புழு வந்தது, விளைச்சலும் வந்தது. பெரியவரோ மாடுகளை விற்றுவிட்டு உர மூட்டையை மட்டும் நம்பினார். அவர் வயல் கட்டாந்தரையாக இறுகிப்போனது.

பத்திரம் இன்னும் அம்மா பெயரில்தானே இருக்கிறது, வயலை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் கிளம்பினார். கூடைக்காரி பயந்துபோனாள். மாமியாருக்கு மூத்த பிள்ளை என்றால் உயிர்.

நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மாமியார் எழுந்தார். வாசலில் இருந்த சாம்பல் கூடையை வழக்கம்போல இடுப்பில் இடுக்கிக்கொண்டார். பெரியவர் கையை வீசிக்கொண்டு கூட நடந்தார். கூடைக்காரி சாணக் கூடையோடு பின்னால் போனாள்.

வயலில் சாம்பலைக் கொட்டிவிட்டு மாமியார் மகனைப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல நான்கூட இங்க வெறுங்கையோட வந்ததில்லடா. நீ நிலத்தையே கேக்க வந்திருக்க, இன்னிக்கும் கையை வீசிட்டுதான் வர்ற. மாத்திக் குடுத்தா இதையும் கட்டாந்தரையாக்கிட்டு, இவ உன் பழைய வயலைச் சரிபண்ணினதும் திரும்ப அதைக் கேப்ப. அவங்கவங்க வயல் அவங்கவங்களுக்கு."

பெரியவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். கூடைக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர்மேல் கோபம் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மேட்டிலிருந்து திரும்பும்போது அவள் கூடை எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அன்று புழு நெளியும் மண்ணை நிறைத்துக்கொண்டு வந்து பெரியவர் வயலில் அவர் கண்ணெதிரே கொட்டினாள்.

"இது முதல் கூடை, மாமா. அடுத்ததுலேர்ந்து நீங்கதான் தூக்கணும்" என்று கூடையை அவர் கையில் கொடுத்தாள்.