திங்கட்கிழமை போட்ட சுவிட்ச்

பெரம்பலூரில் உட்கார்ந்தபடி ஒரு விரலை அசைத்து, மாவட்டத்தில் ஓடுகிற கதிரடிக்கும் மெஷின் அத்தனையையும் திருப்பிவிடக் கூடியவள் எங்கள் மாடியில் குடியிருக்கிறாள். அத்தனையையும் என்பது நான் ஊதிப் பெருக்கியது. ஏழெட்டு திரும்பும்.

பெயர் தேவயானி. திருச்சியில் உள்ள சின்னக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மக்காச்சோளம் போட்டவர்கள் கதிரடிக்கிற மெஷினுக்குப் போனிலேயே முறை பதியலாம்; அந்த ஆப் இவர்களுடையது. உட்கார்ந்த இடத்தில் இருக்கமாட்டாள். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் சென்னை பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தவள். உளுந்தூர்பேட்டையில் இறங்கினாள் என்று ஊருக்குச் சொல்லிவருகிறேன், பக்கத்தில் இருக்கிற தொழுதூராகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்டவளிடம் போய் சுவிட்சைக் கொடுத்துவிட்டார்கள். ஃபீச்சர் ஃப்ளாக் என்று பெயர். ஆப்பில் புதிதாக ஒரு வசதி செய்தால் அது எல்லார் போனுக்கும் போய்விடும், ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும். முதலில் யாராவது ஒருவருக்கு மட்டும் எழுப்பிப் பார்க்கலாம். சரிப்படவில்லையா, திரும்பத் தூங்கவைத்துவிடலாம்.

இந்த முறை வந்த வசதி இது: மெஷின் வரவேண்டிய நாளில் காலையிலேயே ஆப், ‘இன்று வேலை உண்டா?’ என்று கேட்கும். ஒரு மணி நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் முறை அடுத்த ஊருக்குப் போய்விடும். தேவயானி இதை ஒரே ஒருவருக்குத் திறந்தாள். வாலிகண்டபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் ராஜதுரை, அவளுக்கு அண்ணன் முறை. மெசேஜ் வந்த சத்தம் அடங்குமுன் பதில் போடுகிற மனிதர்.

அன்று காலை வானம் கறுத்துக் கிடந்தது. மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்கியவள் கடைசியில் என் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

“பெரியம்மா, ஒரு ஆளுக்குத்தான் தொறந்தேன். ஒரு தெருவே கேன்சல் ஆயிருக்கு!”

விஷயம் அப்புறம்தான் விளங்கியது. ராஜதுரையின் தெருவில் பாதி வீட்டுப் போன்கள் பிள்ளைகளோடு திருப்பூரில். மீதிப் பேருக்கு ஆப் பிடிபடாது. எல்லாரும் ராஜதுரை நம்பரையே கொடுத்து முறை பதிந்திருந்தார்கள். அத்தனை பேருக்கான கேள்வியும் அவர் போனுக்கே போயிருக்கிறது. கதிரெல்லாம் களத்தில் குவிந்து கிடக்கிறது. நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

“ராஜதுரை என்ன பண்றான்?”

“ரிங் போவுது, எடுக்க மாட்டேங்கிறாரு.”

“இன்னிக்கி என்ன கெழமடி?”

அவள் முகம் செத்துப்போனது. சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள்; ராஜதுரை குடும்பத்தோடு அங்கேதான் இருப்பார். உள்ளூர்க்காரிக்கு இது மறக்கலாமா?

“சரி, சுவிட்ச அணைச்சுட்டியில்ல?”

“அணைச்சா இனிமே கேன்சல் ஆவாது. ஆனது ஆனதுதான் பெரியம்மா. மெஷினு லப்பைக்குடிக்காடு பக்கம் போய்க்கிட்டிருக்கு.”

அந்த நேரம் பார்த்து ராஜதுரை கூப்பிட்டார். “என்னா தங்கச்சி, இத்தன மிஸ்டு கால்? பொங்க வச்சுக்கிட்டிருந்தோம், போனு ஒங்கண்ணி பையில.”

“ஊரே ஒங்க நம்பர குடுத்துருக்கே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதாண்ணே?”

“கேஸுக்கும் நம்ம நம்பருதான், ரேஷனுக்கும் நம்ம நம்பருதான். நீ கேக்கவே இல்லியே!”

தேவயானி கேன்சல் ஆன முறைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே திரும்பப் பதிந்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டே மெஷின் டிரைவர் மணிவேலைப் பிடித்தாள்.

“ஆப்பு போங்குது, நீ வாங்கிற. நான் யாரு பேச்சக் கேக்குறது?” என்றார் அவர்.

“ஆப்புக்குச் சொல்லிக்குடுத்ததே நாந்தாண்ணே.”

“அப்ப ஒழுங்கா சொல்லிக்குடு!”

போனை வைத்தவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். மணிவேலும் திரும்பினார். மெஷின் தெருவுக்குள் நுழைய, இவள் முன்னால் ஓடி ஓடிக் களத்தைக் காட்ட, கடைசிக் கதிர் மெஷினுக்குள் விழுந்த பிறகுதான் வானம் முதல் சொட்டை விட்டது. ஜனங்கள் தேவயானியைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள்.

இதுவரை எழுதி, வேலைக்கு நடுவே இறங்கி வந்தவளிடம் படித்துக் காட்டினேன். நின்றபடியே கேட்டாள். சிரிக்கவில்லை.

“யாரும் தூக்கலை பெரியம்மா. கடசி வூடு குஞ்சம்மா அக்காவோடது. மெஷினு அங்க போறதுக்குள்ள மழ புடிச்சிக்கிச்சு. அவங்க கதிரு பாதி நனைஞ்சுபோச்சு. என்னைய ஒண்ணுமே சொல்லாம சாக்கத் தூக்கி மூடிக்கிட்டிருந்தாங்க. அத எழுதுங்க மொதல்ல.”