விற்காத வீடும் நடக்காத வாக்கெடுப்பும்

எங்கள் பிரிவை ரொறன்ரோவுக்கு மாற்றப்போகிறோம் என்று மேலாளர் சொன்ன காலையில், கூட்ட அறை மேசை நிறையக் குரோசான் பணிஸும் கோப்பியும் வைத்திருந்தார்கள். மொன்றியல் டவுன்டவுனில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் நான் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். மேலாளர் நல்ல மனிதர். ஒருவருக்கும் வேலை போகாது, வர விரும்புகிறவர்களுக்கு அங்கே அதே வேலை, அதே சம்பளம் என்றார். வர விரும்பாதவர்களுக்கு என்ன என்று ஒருவர் கேட்டார். கோடை முடியும்வரை யோசிக்க நேரம் இருக்கிறது என்று குரோசான் தட்டைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

காரணத்தை அவர் சொல்லவில்லை. எங்களுக்கு அது தெரிந்துதான் இருந்தது. தேர்தல் வருகிறது, பிரிந்து போகவேண்டும் என்கிற கட்சி வென்றால், எங்கள் மாகாணமான கியூபெக் கனடாவிலிருந்து பிரிந்து தனி நாடாக வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு வைப்பார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்தது. தனி நாடானால் எந்தக் காசு புழங்கும், வங்கிகளுக்கு எந்தச் சட்டம், ஓய்வூதியத்தை எந்த அரசு கொடுக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொன்னார்கள். விடை தெரியும்வரை பொறுத்திருக்கப் பெரிய நிறுவனங்களுக்கு விருப்பமில்லை. கேள்வி வருவதற்கு முன்பே மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

அன்று மாலை மெற்றோ ரயிலில் நின்றபடி, கதவு திறந்து மூடும் ஒவ்வொரு நிலையத்தையும் எண்ணிக்கொண்டு வந்தேன். என்னால் போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

என் கணவர் பல வருடங்கள் உணவகச் சமையலறைகளில் நின்று, கடைசியாகச் சொந்தமாக ஒரு சமையல்கூடம் தொடங்கியிருந்தார். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, செத்தவீட்டு அந்தியேட்டி என்று எங்கள் சனத்தின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் சாப்பாடு அங்கிருந்துதான் போகும். வாடிக்கையாளர் எல்லோரும் இந்த ஊர்க்காரர். இடத்தின் குத்தகையையும் அப்போதுதான் புதுப்பித்திருந்தார். மகள் இங்கே பிறந்தவள். கல்லூரியில் பிரெஞ்சில் படிக்கிறாள். முதன்முறையாக வாக்களிக்கப் போகிற வயது.

விஷயத்தை அன்றிரவே கணவரிடம் சொன்னேன். மூன்றாம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "வீட்டை வித்திட்டு எல்லாரும் போவம். வாக்கெடுப்பு எண்டு வந்தால் பேந்து இந்த வீட்டை ஒருத்தரும் வாங்காயினம்" என்றார். சமையல்கூடத்தை என்ன செய்வது என்று கேட்டேன். அங்கேயும் சனம் சாப்பிடும்தானே என்றார். ஆனால் குரல் நம்பிக்கையாக இல்லை.

மகளிடம் சொன்னபோது, "நான் வரேல்லை அம்மா" என்றாள். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை.

எங்கள் வீடு மொன்றியலின் வில்லரே பகுதியில் இருக்கிறது. கீழ்வீட்டில் நாங்கள். மேல்வீட்டில், நாங்கள் வாங்கும் முன்பிருந்தே குடியிருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுபதைத் தாண்டிய கியூபெக்காரி, தனி ஆள். மகளுக்குப் பிரெஞ்சு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர் அவர். பனிக்காலத்தில் அவருடைய வெளிப்படிகளை என் கணவர்தான் சுத்தம் செய்வார். நான் அவரைப் பிரெஞ்சு முறையில் மதாம் என்றுதான் கூப்பிடுவேன்.

வீடு விற்றுத்தரும் முகவர் வந்து, முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். மேல்வீட்டு பல்கனியில் நீலத்தில் வெள்ளை லில்லிப் பூக்கள் போட்ட கியூபெக் கொடி தொங்கியது. அதற்குப் பக்கத்தில், கையால் எழுதிய பெரிய அட்டை ஒன்றில் பிரெஞ்சில் 'வுய்' என்று ஒரே சொல். எங்கள் பேச்சில் சொன்னால் 'ஓம்', தனி நாடு வேண்டும் என்ற விடை. சனிக்கிழமை ஒரு சோடி வீடு பார்க்க வருகிறது, அதற்குள் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள், வாங்க வருகிறவர்களுக்குப் பயத்தை நாங்களே எழுதிக் காட்டக்கூடாது என்றார் முகவர்.

"நீர் போய்க் கேளும். உம்மடை பிரெஞ்சுதான் நல்லாயிருக்கு" என்றார் கணவர்.

இரும்புப் படிகளில் ஏறும்போது அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு போனேன். நான் பிறந்த ஊரில், சண்டைக் காலத்தில், கொடிகளை மனிதர்கள் கவனமாகப் பார்த்துத்தான் நடப்பார்கள். அன்றைக்குச் சந்தியில் எந்தக் கொடி பறக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் எந்தப் பாதையால் பள்ளிக்கூடம் போவது என்று தீர்மானிப்போம். கொடியை ஏற்றச் சொல்லியும் இறக்கச் சொல்லியும் ஆட்கள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். இப்போது அப்படித் தட்டுகிற ஆளாக நான் நின்றேன்.

அவர் கோப்பி போட்டுத் தந்தார். நான் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினேன், சூட்டைப் பற்றிப் பேசினேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு, "நீங்கள் கொடிக்காக வந்திருக்கிறீர்கள்" என்றார்.

ஆம் என்றேன். வீட்டை விற்க வேண்டியிருக்கிறது, என் வேலை போகிறது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். அவர் ஒரு துணி ஆலையில் வேலை செய்தவராம். வீட்டில் பிரெஞ்சு, ஆலையில் முதலாளிமாருக்காக ஆங்கிலம். தனி நாடு கேட்டால் ஆலைகள் எல்லாம் போய்விடும் என்று, முன்பு ஒரு வாக்கெடுப்பு வந்தபோதும் சொல்லிப் பயமுறுத்தினார்களாம். தகப்பன் பயந்து வேண்டாம் என்றுதான் வாக்களித்தாராம்.

"பிறகு ஆலை போய்விட்டது. கூலி குறைந்த இடத்துக்கு. அதற்கு யாரும் எங்களிடம் வாக்குக் கேட்கவில்லை" என்றார்.

தலையை ஆட்டினேன்.

உங்கள் ஊரிலும் மனிதர்கள் தனி நாட்டைத்தானே கேட்டார்கள், உங்களுக்கு என்னைப் புரியாதா என்று அவர் கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்த மேசையில் எனக்கு இரண்டு பக்கமும் சுவர் எழும்பியது போலிருந்தது. புரிகிறது என்று சொன்னால் என் வேலைக்கும் வீட்டுக்கும் எதிராகப் பேசுகிறேன். புரியவில்லை என்றால், தனி நாட்டுக்காகச் சண்டைக்குப் போய்த் திரும்பி வராத என் வகுப்புத் தோழிகளுக்கு எதிராகப் பேசுகிறேன்.

"எங்கள் கையில் வாக்குச் சீட்டைத் தந்து, உனக்கு விருப்பமா என்று என் வாழ்நாளில் யாரும் கேட்கவில்லை, மதாம்" என்றேன்.

அவர் சிறிது நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அட்டையை உள்ளே எடுத்து வந்து, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் செருகினார். கொடியை எடுக்க மாட்டேன் என்றார். அது மாகாணத்தின் கொடி, நீதிமன்றத்தின் மேலும்தான் பறக்கிறது, அதைக் கண்டு பயப்படுகிறவர் மொன்றியலில் வீடு வாங்க வேண்டியதில்லை என்றார். நான் படியிறங்கும் நேரத்தில்தான் மெதுவாகக் கேட்டார், வாங்குகிறவர்கள் தன்னை இருக்கவிடுவார்களா என்று. அவரைப் போல நெடுங்காலம் குடியிருக்கும், வருமானம் குறைந்த முதியவர்களை எழுப்ப முடியாதபடி சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். சட்டம் இருக்கிறது என்றார் அவரும். அவர் தன் கதவுப்பிடியை விடாமல் நின்றார்.

சனிக்கிழமை வந்தவர்கள் தமிழ்நாட்டுச் சோடி. இரண்டு பேரும் பொறியியலாளர்கள். அந்தப் பெண்ணுக்கு எங்கள் சமையலறை மிகவும் பிடித்திருந்தது. யன்னலருகே நின்று, மேசையை எங்கே போடலாம் என்று கணவனிடம் காட்டினாள். எனக்கு வீடு விற்றுவிட்டது என்றே தோன்றியது. அடுத்த வாரம் அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா எலெக்‌ஷன் முடியட்டும்னு இருக்கோம். எங்க ஆபீஸே அடுத்த வருஷம் எங்க இருக்கும்னு தெரியல" என்றாள்.

நான் அவளைத் தேற்றிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். அவளும் என்னைப் போலத்தான் அகப்பட்டிருந்தாள், வாசலின் மற்றப் பக்கத்தில்.

அதன் பிறகு வந்தவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் போனார்கள். விலையை இறக்குங்கள் என்றார் முகவர். அவர் சொன்ன விலைக்கு விற்றால் ரொறன்ரோவில் ஒரு கராஜ்கூடக் கிடைக்காது என்று கணவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது, வாக்கெடுப்பு வந்தால் தான் 'ஓம்' என்றுதான் போடுவேன் என்று மகள் சொன்னாள். கணவர் சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தார்.

"உன்ரை அம்மாவின்ரை வேலை போறதே இதாலதான்" என்றார்.

"வேலையைக் கொண்டுபோறது கொம்பனி, அப்பா. கியூபெக் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள். இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது எனக்கு, அதுதான் எரிச்சல். ஒருவர் பொய் சொல்லியிருந்தால் மற்றவர் பக்கம் போயிருப்பேன். குழம்பு வேணுமா என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். இருவரும் வேண்டாம் என்றார்கள்.

கோடை முடிந்தது. மேலாளரிடம் போய், வருகிறேன் என்றேன். வேறு வழி தெரியவில்லை. இந்த வயதில், அயலவரோடு பேசப் போதுமான பிரெஞ்சை மட்டும் வைத்துக்கொண்டு, அதே சம்பளத்தில் இன்னொரு வேலை எனக்கு இங்கே கிடைக்கப் போவதில்லை. வீடு விற்பனைப் பலகை முற்றத்திலேயே நிற்கட்டும் என்று விட்டோம். கணவர் சமையல்கூடத்தோடு, மகள் கல்லூரியோடு. நான் மட்டும் வார நாட்களில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், தூரத்துச் சொந்தக்காரர் வீட்டின் கீழ்த்தளத்து அறையில். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறினால் நடுச்சாமத்தில் மொன்றியல். ஞாயிறு பின்னேரம் திரும்பவும் பஸ்.

முதல் வாரம் அந்த அறையின் சிறிய யன்னலால் தெரிந்ததெல்லாம் புல்லும் நடந்துபோகிறவர்களின் கால்களும்தான். சுற்றிலும் தமிழ்க் கடைகள், தமிழ்ச் சத்தம். பேச ஆளில்லை என்ற குறை அங்கே யாருக்கும் வராது. நான் மட்டும் வேலை முடிந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம், அலுவலகத்துச் சாப்பாட்டு அறையில் இருக்கும்போது கணவர் கூப்பிட்டார். சாப்பிட்டீரோ என்று கேட்டார், மகள் படிக்கிறாள் என்றார், மதாமுக்கு இருமல் என்றார். பிறகு, "அங்க என்ன கதைக்கினம், எங்கடை வாக்கெடுப்பைப் பற்றி?" என்று கேட்டார்.

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் ஹொக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்ற மேசையில் யாருடையதோ கலியாண வீட்டுக் கதை.

"இஞ்ச ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கினமில்லை" என்றேன்.

அவர் நம்பவில்லை. இன்னொரு தடவை கேட்டார்.