சம்பந்தி வாங்கி வச்ச போத்தல்

எம் பேரு நிரஞ்சனி. கண்டி டவுன்ல, கொழும்பு வீதியில ஒரு புடவைக் கடையில ரொம்ப வருஷமா சேலை விரிச்சுக் காட்டினவ. வாங்க வந்தவ என்ன நிறமா இருந்தாலும், விக்காமக் கெடக்குற சேலையத் தோள்ல போட்டு, "இது ஒங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கு"ன்னு சொல்லித் தள்ளிவிடுவேன். அப்படி ஒரு வாய் எனக்கு. அதே வாயாலதான் குடிக்கவும் செஞ்சேன்.

ஆம்பள குடிச்சா ஊருக்கே தெரியும். ரோட்டுல விழுவான், பாட்டுப் பாடுவான், நாலு பேரு தூக்கிட்டு வந்து வீட்டுல போடுவாங்க. பொம்பளைக்கு அந்த வசதி ஒண்ணும் கெடையாது. வைன் ஸ்டோர்ல பொம்பளைக்குப் போத்தலும் குடுக்கமாட்டாங்க. அதனால ஆட்டோக்கார வீரசிங்கத்தைப் பிடிச்சேன். எங்க ஆளுங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. பிள்ளை பெத்தவளுக்கு மிளகு, திப்பிலி, சுக்கு, பூண்டெல்லாம் அரைச்சுக் காயம் குடுப்போம். கூடவே ஒரு கரண்டி பிராண்டியும் ஊத்துவோம், ஒடம்பு சூடு ஏறணும்னு. தங்கச்சிக்குப் பிள்ளை பொறந்திருக்கு அண்ணே, காயத்துக்கு ஒரு போத்தல் வேணும்னு சொன்னேன். மனுசன் நம்பி வாங்கிக் குடுத்தாரு. அப்புறம் நாத்தனாவுக்குப் பொறந்துச்சு. அப்புறம் நாத்தனா மகளுக்கு. பக்கத்து வீட்டுக்காரிக்கு இரட்டைப் பிள்ளைன்னு சொல்லி ரெண்டு போத்தல் வாங்கினேன். கடைசியில ஒரு நாள் அவரு ஆட்டோவை ஓரங்கட்டிட்டு, ஒங்க சொந்தத்துல இப்படிப் பிள்ளை பொறந்தா கண்டியில எடம் பத்தாதே தங்கச்சின்னாரு. சிரிக்கக்கூட இல்ல.

எனக்கு மொத பிராண்டி ஊத்தினது எம் மாமியார். என் மக சிந்துஜா பொறந்தப்ப, தெனம் ஒரு கரண்டி. முப்பத்தொண்ணாம் நாள் வீடு கழுவித் தீட்டுக் கழிச்சாங்க. எனக்கு மட்டும் அந்தக் கரண்டி கழியல. மாமியார் மேல பழியப் போட ரொம்ப ஆசைதான். ஆனா அதே மாமியார் ஊரெல்லாம் எத்தனையோ பேருக்கு ஊத்தியிருக்காங்க, அவளுகல்லாம் ஒழுங்கா பேரன் பேத்தி பாத்துக்கிட்டு இருக்காளுக. புருஷன் செத்த துக்கத்துல குடிச்சேன்னு சொன்னாலும் கேக்க நல்லா இருக்கும். எம் புருஷன் சுந்தரலிங்கம் மாநகர சபையில வேல செஞ்சவரு, நல்ல மனுசன். அவரு உசிரோட இருக்கையிலேயே நான் நல்லாத்தான் குடிச்சுக்கிட்டு இருந்தேன்.

விடணும்னு நெனைக்காம இல்ல. கட்டுக்கலைப் பிள்ளையார் முன்னாடி எத்தன தடவ சத்தியம் பண்ணித் தேங்காய் ஒடைச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. காலையில சத்தியம், பொழுது சாஞ்சா கரண்டி. பிள்ளையாருக்குத் தேங்காயாவது மிஞ்சுச்சு.

கடையில ஒரு கல்யாணக்காரங்க வந்து கூறைச் சேலை எடுத்தாங்க. ஜாக்கெட் துண்டை வெட்டித் தரச் சொன்னாங்க. நான் முந்தானைய வெட்டிட்டேன். சரிகையோட, மயிலோட, ஒரே கத்தரி. பொண்ணோட அம்மா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாங்க. பொன்னுத்துரை முதலாளி என்னைத் திட்டவே இல்ல. கத்தரிக்கோலை மட்டும் எங்கையில இருந்து மெதுவா வாங்கிக்கிட்டு, வீட்டுக்குப் போங்க பிள்ளைன்னாரு. திட்டியிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை பேசிட்டு மறுநா வேலைக்குப் போயிருப்பேன்.

அப்ப சிந்துஜா கல்யாணமாகிக் கலகெதரயில இருந்தா. சேதி கேட்டு வந்தவ பேக்குல ரெண்டு சேலையத் திணிச்சு, ஹேவாஹெட்ட போற ரோட்டுல, தேயிலைக்கு மேல இருக்கிற சிஸ்டர்மார் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போனா. குடிச்ச பொம்பளைகளையும் மாத்திரைக்கு அடிமையான பொம்பளைகளையும் அங்கேயே தங்கவச்சு, ஜெபமும் வேலையுமாத் திருத்துற எடம். வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னு அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "இதுக்குள்ள இருந்து திருந்தி வந்தீங்கன்னா எனக்கு அம்மா இருக்காங்க. இல்லாட்டி எனக்கு அம்மா இல்ல."

உள்ள போயி நான் பண்ணின கூத்து கொஞ்சநஞ்சமில்ல. விடியக்காலையில மணி அடிக்கும், சின்னக் கோயில்ல போயி முழங்கால் போடணும். நான் மாதா சொரூபத்துக்கு முன்னாடி நின்னு, பழக்க தோசத்துல ரெண்டு கையாலயும் தலையில குட்டிக்கிட்டு மூணு தோப்புக்கரணம் போட்டுட்டேன். பின்னால இருந்தவளுக எல்லாம் ஜெபத்தை விட்டுட்டுச் சிரிச்சாளுக. பொறுப்பா இருந்த சிஸ்டர் பெனடிக்டா மட்டும் சிரிக்கல. அது நல்ல எக்ஸசைஸ், நிப்பாட்டாதீங்கன்னு சொன்னாங்க. பக்கத்துக் கட்டில் அஸீமாவுக்கு. திகனக்காரி, தூக்க மாத்திரையில மாட்டினவ. அவ தொழுகைப் பாயை விரிச்சாலும் சிஸ்டர் ஒண்ணும் சொல்றதில்ல. எந்தக் கடவுளாவது கேட்டாச் சரின்னு நெனைச்சிருப்பாங்க போல.

சனிக்கிழமையில சாட்சி சொல்லணும். எழும்பி நின்னு, நான் இப்படி இருந்தேன், இப்ப இப்படி இருக்கேன்னு சொல்றது. அதுல நான் புலி. சேலை விரிச்ச மாதிரி எங்கதைய விரிப்பேன். முந்தானைக் கதையச் சொன்னா சிரிப்பாளுக, புருஷன் செத்த கதையச் சொன்னா அழுவாளுக. வந்திருந்த வெளியூர்ச் சிஸ்டர் ஒருத்தங்க என்னையக் கட்டிப் பிடிச்சே அழுதாங்க. அன்னைக்கு ராத்திரி அஸீமா எங்கிட்ட, நீங்க அழகாத்தான் சொல்றீங்க அக்கா, ஆனா ஒரு தடவயும் நீங்க அழுது நான் காணலியேன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. ரெண்டு நாள் அவகூடப் பேசல.

இப்படி இருக்கையில சிந்துஜா உண்டானா. மொதப் பிரசவம் தாய் வீட்டுல பாக்கணும். தாய் இல்லத்துல இருந்தா எங்க போயி பாக்குறது? அவ மாமியார் சீதா, அதான் எஞ் சம்பந்தி, பரவாயில்ல, நானே பாத்துக்கிறேன்னுட்டாங்க. அவங்ககிட்ட சிந்துஜா ஒரு பொய் சொல்லியிருந்தா. எங்கம்மா சிஸ்டர்மாருக்குச் சமையல் வேல செய்றாங்க, லேசுல லீவு கெடைக்காதுன்னு. சம்பந்தி வீட்டுக்கு முன்னாடி சில்லறைக் கடை வச்சிருக்காங்க. சாமான் வாங்க வர்றவங்க எல்லார்கிட்டயும், எஞ் சம்பந்தி சாமிமாருக்கே சமைச்சுப் போடுறவங்கன்னு பெருமையாச் சொல்லி வச்சிருக்காங்க. எனக்குச் சோத்தக் கொழைய விடாம வடிக்கவே தெரியாது.

பேரன் பொறந்து வீட்டுக்கு வந்ததும் சிஸ்டர் என்னைய அனுப்பச் சம்மதிச்சாங்க. ஆனா போற வீட்டுல ஒருத்தருக்காவது உண்மை தெரிஞ்சிருக்கணும், வீட்டுல சாராயம் பிராண்டி எதுவும் இருக்கக்கூடாது, அதுதான் அங்க சட்டம். போன்ல சிந்துஜாகிட்டயே கேட்டாங்க. எங்க வீட்டுல யாரும் குடிக்கிறதில்ல சிஸ்டர்னு அவ சொன்னா. அது உண்மைதான். காயத்தை அவங்க ரெண்டு பேருமே நெனைக்கல. நானும் நெனைக்கல, அந்தப் பேரச் சொல்லி அத்தன போத்தல் வாங்கினவ.

கலகெதரயில போயி எறங்கினேன். பேரனைத் தூக்கினேன். அம்மாடி, அந்த வாசம். சிந்துஜா பக்கத்துல ஒக்காந்து எங்கையவே பாத்துக்கிட்டு இருந்தா. கை நடுங்கல. அவ கொஞ்சம் தலகாணியில சாஞ்சா.

மறுநா காலையில காயம் அரைச்சு முடிச்சேன். சம்பந்தி அலுமாரியைத் தொறந்து, துணிக்கு அடியில இருந்து அரைப் போத்தல் பிராண்டி எடுத்தாங்க. மகன் சுதேஷ்கிட்ட, அதான் எம் மருமகன்கிட்ட, சொல்லி வாங்கி ஒளிச்சு வச்சதாம்.

"பெத்த தாய் கையால ஊத்துனாத்தான் மருந்து சம்பந்தி. அதுக்குத்தான் நீங்க வர்ற வரைக்கும் நான் தொடல."

கையில வச்சுட்டாங்க. சமாளிக்கப் பாத்தேன். சிஸ்டர்மார்கிட்ட இருக்கிறதால இதெல்லாம் நான் தொடுறதில்லன்னேன். கோயில்ல பூசைக்குத் திராட்ச ரசம் வைக்கிறாங்களே, அப்பப் போத்தலை யாரு எடுத்து வைக்கிறதுன்னு கேட்டாங்க. பால் குடுக்குறவளுக்கு இது ஆகாதுன்னு மிட்வைஃப் சொன்னாங்களேன்னேன். மூணு பெத்தவ நானா, அந்த மிஸ்ஸான்னு கேட்டாங்க. அதுக்குள்ள கடையில யாரோ கூப்புட, ஊத்தி வைங்க வந்துடறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அடுப்படியில நானும் போத்தலும்.

மூடியத் திருகினேன். காயத்துக்குத்தான் திருகினேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். வாசம் மூக்குல ஏறுச்சு. வாயெல்லாம் தண்ணி. ஒரு மொடக்கு குடிச்சுட்டுத் தண்ணி கலந்து வச்சா யாருக்குத் தெரியும்னு மனசு கணக்காச் சொல்லுது. இத்தன மாசம் ஜெபம் சொன்ன பொம்பளைக்கு அந்த நேரத்துல ஒரு வரி ஞாபகம் வரல. பிள்ளையாரே, யேசுவே, அஸீமாவோட அல்லாவே, ஒங்கள்ல யாரு இப்ப சும்மா இருக்கீங்களோ அவங்க வாங்கன்னு கூப்புட்டேன். யாரு வந்தாங்கன்னு தெரியல. மூடிய இறுக்கிட்டு, கீழ வைக்கப் பயந்து, கையில பிடிச்சபடியே மக ரூமுக்கு ஓடினேன். இத எங்கிட்ட இருந்து வாங்குன்னு சொல்றதுக்கு.

சொல்றதுக்குள்ள, கதவுல நின்ன என்னையவும் கையில இருந்த போத்தலையும் சிந்துஜா பாத்தா. பக்கத்துல தூங்கிக்கிட்டிருந்த பிள்ளைய மெதுவாச் சுவத்துப் பக்கம் நகட்டி, நடுவுல அவ படுத்துக்கிட்டா. அவ என்னைய ஒரு அறை அறைஞ்சிருந்தா எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

பின்னாலேயே சம்பந்தி வந்துட்டாங்க. ஊத்திட்டீங்களான்னு கேட்டாங்க. சிந்துஜா கண்ணாலயே என்னையக் கெஞ்சினா. அவ பொய் போனா அந்த வீட்டுல அவ மரியாதையும் சேந்து போகும். சனிக்கிழமை புலிக்குக் கதையும் வரல, கண்ணீருக்கு ஏத்த எடமும் தெரியல.

"சம்பந்தி, நான் சமையல்காரி இல்ல. அந்த இல்லத்துல குடிக்கிற பொம்பளைகளத் திருத்துறாங்க. நானும் அதுல ஒருத்தி. இத எங்கையில குடுக்காதீங்க."

சொல்லிட்டு அழுதேன். மூக்குச் சிந்தி, சேலைத் தலைப்புல தொடைச்சு, பாக்கச் சகிக்காத அழுகை.

சம்பந்தி போத்தலை வாங்கி இடுப்புல இடுக்கிக்கிட்டாங்க. கடையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேனேன்னு மட்டும் முணுமுணுத்தாங்க. மருமகளைப் பாத்து, எங்கிட்ட மறைச்சியேன்னு ஒரு வார்த்தை. அதுல கோவம் இருந்துச்சு, அது நியாயந்தான். அன்னைக்கெல்லாம் அவங்க எங்கிட்டப் பேசல. போத்தலைக் கொண்டுபோயி எங்க குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. அலுமாரியப் பூட்டிச் சாவிய ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன். ஆனா பிள்ளையக் குளிப்பாட்டத் தண்ணி காய வச்சு, ரூம் வாசல்ல வச்சுட்டு, ஆறிடப் போவுதுன்னு சுவத்தைப் பாத்துச் சொன்னாங்க.

நான் பிள்ளையத் தூக்கக் கைய நீட்டினேன். சிந்துஜா விடல.

"கிட்ட வாங்க. ஊதுங்க."

ஊதினேன். கண்ண மூடிக்கிட்டு மோந்தா. இன்னொரு தடவன்னா. ஊதினேன். பூண்டும் மிளகுந்தான் அடிச்சிருக்கும். பிள்ளையத் தூக்கி எங்கையில குடுத்தா. நான் இங்க இருக்கிற வரைக்கும் காலையில பிள்ளையத் தூக்குறதுக்கு முன்னாடி ஊதணும்னா. சரின்னேன். பெத்த மகளுக்கு முன்னாடி வாயத் தொறந்து நிக்கிறது மானக்கேடுதான். மானத்தைப் பாக்குற நெலமையில நான் இல்ல. தெனம் ஊதினேன், தெனம் மோந்தா.

இல்லத்துக்குத் திரும்புற அன்னைக்கு சிந்துஜாவுக்குச் சரியான தூக்கக் கலக்கம். விடிய விடியப் பிள்ளை அழுதிருக்கான். அரைக்கண்ணோட அவனைத் தூக்கி, இந்தாங்கம்மா, கொஞ்சம் பிடிங்கன்னு நீட்டினா. ஊதச் சொல்லல. எனக்கு எவ்வளவு ஆசையா இருந்துச்சுன்னா, அப்படியே வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கணும் போல. நான் வாங்கல. கட்டில்ல ஒக்காந்து, அவ மூஞ்சிக்குக் கிட்டப் போயி, மோந்து பாத்துட்டுக் குடு சிந்துன்னேன். அவ என்னையப் பாத்தா. அப்புறம் மூக்கைக் கொண்டுவந்தா.